பத்து மில்லிமீட்டர்

கனடா போகிற அவசரத்தில்
நிவேதன் ஷெட்டி பாதி விலைக்குத் தள்ளிவிட்ட
நாலு அலாய் சக்கரங்கள்
என் வண்டிக்கும் பொருந்தும் என்றுதான் சொன்னான்.
அதில் துளை ஐந்து, இதிலும் ஐந்து.
துளைக்குத் துளை தூரமும் சரி.
பொருந்தத்தான் செய்தது,
கையால் சுற்றிப் பார்க்கும்வரை.
உள்பக்கம் எங்கோ
சுவரில் ஈரத்துணி இழுபடுகிற சத்தம்.

ஜே.சி. ரோட்டில் முனவ்வர்
வண்டிக்கடியில் படுத்துப் பார்த்து
படுத்தபடியே சொன்னார்:
"டயர் ஷாக் அப்சார்பரைத் தொடுது மேடம்.
வெளியே தள்ளணும்."
எவ்வளவு?
மூக்குப்பொடி எடுப்பதுபோல்
இரண்டு விரலை வைத்துக் காட்டினார்.
பத்து மில்லி.

ஸ்பேசர் என்பது ஓர் அலுமினிய வட்டு.
சின்ன ஊத்தப்பம் அளவு, நடுவில் பெரிய ஓட்டை.
இடைவெளியை இப்படி
உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பது
எனக்கு முதல் தடவை.
ஜோடி இரண்டாயிரத்து நானூறு, ஜிஎஸ்டி தனி.

வட்டை வைத்து, சக்கரத்தை ஏற்றி,
நட்டைக் கையால் முறுக்கிக்கொண்டே எண்ணினார்
கன்னடத்தில்:
ஒந்து, எரடு, மூரு, நாக்கு, ஐது.
நின்றுவிட்டது.
"எட்டுச் சுத்தாவது பிடிக்கணும்."
அஞ்சு போதாதா என்றேன்.
"அஞ்சுலயும் வண்டி போகும் மேடம்.
சக்கரம் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி போகும்."

வட்டு தின்ற நீளத்தை
யாராவது திருப்பித் தந்தாக வேண்டும்.
பழைய ஸ்டட்டுகளைச் சம்மட்டியால் அடித்துத் தள்ளினார்.
மூன்று சொன்னபேச்சுக் கேட்டன.
நான்காவது நாற்பது நிமிடம் வாதாடியது.
அதற்குள் நான்
இரண்டு காபியும், மைக்கை அணைத்துவைத்து
ஓர் அலுவலகக் கூட்டமும் முடித்தேன்.
நடைபாதையில் சாய்த்திருந்த நிவேதனின் சக்கரத்தை
ஒரு நாய் வந்து
காலைத் தூக்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது.

நீள ஸ்டட்டு. மறுபடி ஒந்து, எரடு…
எட்டைத் தாண்டி
ஹன்னொந்துவில் நின்றது அவர் குரல்.
டார்க் ரெஞ்ச் பத்து தடவை 'டக்' என்றது.
டயருக்கும் ஷாக்குக்கும் நடுவில்
சுண்டுவிரலை விட்டு எடுத்தார்.
என்னையும் விடச் சொன்னார்.
மோதிரத்தோடு போனது.
வரும்போது மோதிரம் கறுப்பு.

உள்ளே தீர்ந்தது. வெளியே?
மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க
வண்டி நிறைய ஆள் வேண்டும்.
டீ கொண்டுவந்த பையன், எதிர்க்கடை பேட்டரிக்காரர்,
அவருடைய மைத்துனர்,
ஹாரன் வாங்க வந்து நின்ற யாரோ ஒருவர்.
நால்வரையும் ஏற்றிக்கொண்டு
ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து
சந்து முனை ஹம்பில் ஏறி இறங்கினேன்.
முனவ்வர் குனிந்தபடி கூடவே நடந்தார்.
எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காது கொடுத்தோம்.
"ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொன்னது
ஹாரன் வாங்க வந்தவர்தான்.

"அம்பது கிலோமீட்டர் ஓடினதும்
நட்டை ஒருதரம் சோதிக்கணும். மறந்துடாதீங்க."
ரெஞ்சை இரவல் தந்து அனுப்பினார்.

இந்த ஊரில் அம்பது கிலோமீட்டர்
எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.
டின் ஃபேக்டரி சிக்னலில் ஒரு மாலை முழுக்க
நானூறு மீட்டர் சேர்த்தேன்.
இடையில் ஒருநாள், கீழ்த்தள பார்க்கிங்கில்
தூண் பி-பதினேழு,
மூன்று வருஷமாக நான் பார்க்காமலே தாண்டுகிற தூண்,
முன்சக்கரத்தில் ஒரு கீறல் போட்டு
கணக்குக் கேட்டது:
அந்தப் பத்து மில்லியை
யாரிடமிருந்து எடுத்தாய்?

ஏழாம் நாள் ஐம்பது. இரவு பதினொன்றரை.
வாட்ச்மேன் பிப்லப் போன் வெளிச்சம் பிடிக்க
ரெஞ்சோடு குந்தினேன்.
ஒன்பது நட்டு உடனே 'டக்' என்றன.
பத்தாவது
எதுவும் சொல்லாமல்
கால் சுற்று வந்தது.