அளவுக்கு நிற்பவள்

பஃபலோவில் பனி, ஜன்னலில் பாதி வரை ஏறிவிட்டது.
விளக்குப்பெட்டியின் மேல் இன்றைக்கு நூற்றிருபது ஸ்லைடு.
ஊர், காலம், கல்லின் வகை,
எந்தத் திசையிலிருந்து எடுத்தது,
எல்லாம் எழுதி உறையிலிட வேண்டும்.
ஒன்று இரண்டே முக்கால் டாலர்.
கல்லூரி வாங்கினால் கொஞ்சம் குறைப்போம்.

எல்லாம் கசிமிர் எடுத்தவை.
தூணருகே, படிக்கட்டின் அடியில்
பச்சைக் கோட்டில் ஒரே பெண்.
"அளவு தெரியட்டும் என்றுதான்"
என்றார், நான் கேட்காமலே.

கெய்ரோவில் ஒரு கல்லுக்குத் தோளுயரம் அவள்.
மதுரையில் கோட்டு கையில் இருக்கிறது,
கோபுரக் கதவின் கால்வாசிகூட வரவில்லை.
சித்திரை வெயில், வெறுங்கால், சுடுகல்:
ஒற்றைக்காலில் நிற்கிறாள்.
ஏனென்று இந்தக் கட்டடத்தில்
எனக்கு மட்டும் தெரியும்.

எழுபத்தாறுக்குப் பிறகு அவள் இடத்தில்
கறுப்பு வெள்ளை அளவுகோல்.
அசையாமல் நிற்கிறது.
கண் கூசுவதில்லை அதற்கு.

நேற்று ஒஹாயோவிலிருந்து ஒரு கடிதம்:
ஆள் இல்லாத மதுரை கிடைக்குமா?

இருக்கிறது. நான் பார்த்தேன்.
அவள் நகர்ந்த மறுநொடி எடுத்தது,
ஓரத்தில் நிழலின் நுனி மட்டும்.
"இல்லையென்று எழுதிவிடு" என்றார் கசிமிர்,
பெட்டியின் விளக்கை அணைத்தபடி.
எழுதினேன்.

அவர் போன பிறகு
அந்த ஸ்லைடுக்கும் ஓர் அட்டை போட்டேன்.
கிழக்குக் கோபுரம், உட்புறம், நண்பகல் தாண்டி.
'ஆட்கள்' என்ற கட்டத்தில்
இல்லை என்று அடித்து,
வெள்ளை மை பூசி,
காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.
விலையை இன்னும் எழுதவில்லை.