ஐம்பத்து மூன்றாம் கதவு

என் பெயர் நெர்குய்.
மங்கோலிய மொழியில் அதற்குப் 'பெயரில்லை' என்று பொருள்.
எனக்கு முன் பிறந்த இருவரும் தங்கவில்லை.
மூன்றாவதைத் தேடி வருவது எதுவானாலும்
வாசலில் கேட்டுவிட்டு
அப்படி யாருமில்லை என்று திரும்பட்டும் என
வைத்தார்கள்.
பெயர்களுக்கு முகவரி சொல்வது என் வேலை.
சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள்.

உலான்பாத்தர். டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
ஒரு சர்வர், அறுபத்தொரு வாடிக்கையாளர்.
சால்வை விற்பவர்கள், பல் மருத்துவமனை, மல்யுத்தக் கழகம்,
இரண்டு வருடமாய்ப் பணம் கட்டாத
ஒரு சவ அடக்க நிறுவனம்.

சொய்ஜில்தான் ஆரம்பித்தான்:
"பேர் சொல்ல நமக்கென்று சொந்தமாக ஒரு டிஎன்எஸ் வேண்டாமா?
டொமைன் வாங்கிய இடத்தில்
ஒவ்வொரு திருத்தத்துக்கும் படிவம், கடவுச்சொல், காத்திருப்பு.
நம் பெட்டியில் வைத்தால் நினைத்த நிமிடம் மாற்றலாம்."
அவன் சொன்னதில் பொய் இல்லை.
திரையில் ஒரு டிக் அடித்தேன், அவ்வளவுதான் வேலை.
நேம்சர்வர் இரண்டு இருக்க வேண்டும் என்றது விதி.
ஒரே பெட்டிக்கு இரண்டு ஐபி கொடுத்தோம்.
ஒருவனே சட்டை மாற்றிக்கொண்டு வந்து
சாட்சிக் கையெழுத்தும் போட்டான்.

ஆறு மாதம் ஓடியது.

ஜனவரியில், மைனஸ் முப்பத்தேழில்,
மின்சாரம் போனது.
யுபிஎஸ் பதினோரு நிமிடம் முனகிவிட்டு அடங்கியது.
தளங்கள் இருண்டன. அது தெரிந்த கணக்கு.
முதல் ஒரு மணி நேரம் உலகத்துக்கு எங்களை நினைவிருந்தது.
அதற்கு மேல் மறந்துவிடச் சொல்லி
நாங்களே எழுதி வைத்திருந்தோம்.

பல் மருத்துவர் துலாம்சுரேன் போன் செய்தார்.
"தளம் போனால் போகட்டும், மெயில் எங்கே?
அது உங்களிடம் இல்லையே,
சியோலில் அல்லவா இருக்கிறது?"

சியோலில்தான் இருக்கிறது.
அங்கே விளக்கு எரிகிறது, பெட்டி திறந்திருக்கிறது,
ஒரு கடிதமும் வரவில்லை.
வழி சொல்ல வேண்டியவன்
எங்கள் மாடியில் விறைத்துக் கிடக்கிறான்.
கைகாட்டி மரத்தைக்
கூடத்துக்குள் நட்டு
வீட்டைப் பூட்டியிருக்கிறோம்.
இதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது?
"சரி செய்கிறோம்" என்றேன்.

நாலு மணிக்கு மின்சாரம் வந்தது.
கையுறையைக் கழற்றாமலே பதிவுகளைப் படித்தேன்.
ஐம்பத்து மூன்றாம் கதவை
இத்தனை நாளும் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்
ஊர்பேர் தெரியாதவர்கள்.
ஒரு சொல் கேட்பார்கள்.
எழுபது சொல் பதிலை
வேறு எவன் வாசலிலோ கொட்டச் சொல்வார்கள்.
கொட்டியிருக்கிறோம்.
எவ்வளவு என்று சொய்ஜில் கேட்டான்,
நான் திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

இப்போது சொல்கிறேன்:
தளங்களை வைத்திருக்கும் சர்வருக்கு
பிறர் முகவரியைக் கேட்கத் தெரிந்தால் போதும்.
தன் முகவரியைச் சொல்லும் வேலையை
வேறு வேறு ஊரில், வேறு வேறு கம்பத்தில்
மின்சாரம் வாங்குகிறவர்கள் செய்யட்டும்.
படிவங்களை நிரப்பினோம். கடவுச்சொற்களுக்கு அலைந்தோம்.
பதினாறு நாளில் அறுபது பெயர்கள் இடம் மாறின.

அறுபத்தொன்றாவது மாறவில்லை.
சவ அடக்கக்காரர் இலையுதிர் காலத்திலேயே இறந்திருந்தார்.
கடவுச்சொல் அவரோடு போயிற்று.
மகனுக்குக் கடிதம் போட்டோம், பதில் இல்லை.
அக்டோபரில் அந்த டொமைன் காலாவதி.

அதனால் ஒரே ஒரு பெயருக்காக
அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது.
மற்ற எதைக் கேட்டாலும் மறுக்கும்படி எழுதிவிட்டேன்.
இரவில் எப்போதாவது யாரோ கேட்கிறார்கள்,
யாருக்கு என்ன ஆனதோ.
சர்வர் முகவரி சொல்கிறது.
காலையில் அந்த வரியைப் பார்க்கும்போது
நிறுத்தக் கை வருவதில்லை.
சொய்ஜிலிடம் இதைச் சொல்லவில்லை.