வருதா?

பேரணாம்பட்டில் மணி பதினொன்று.
ஹாம்பர்க்கிலிருந்து ஷூ சாம்பிளுக்குப் பதில்
இந்நேரம் வந்திருக்கணும்.
ராணிப்பேட்டை ஆபீஸ் சர்வர்
நீ யார் என்றுகூடக் கேட்கவில்லை.
கேட்டால் பாஸ்வேர்டாவது சொல்லலாம்.
"நேரம் முடிந்தது" என்கிறது, அவ்வளவுதான்.

போனில் இருதயராஜ்:
போர்ட் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி மூணான்னு பாருங்க.
பார்த்தேன்.
வைஃபையை அணைச்சுப் போடுங்க.
போட்டேன்.
மொபைல் டேட்டாவுல?
அதிலும் அதே பதில்.
"அப்போ கோளாறு உங்க பக்கம் இல்ல, நஸீமா."
இரண்டு மணி நேரமாக
இதை யாராவது சொல்லத்தான் காத்திருந்தேன் போல.

வாட்ச்மேன் ஏகாம்பரத்தை எழுப்பினோம்.
டார்ச்சோடு உள்ளே போனவர்
கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்:
"பிளக்கு புடுங்கிக் கெடக்குதும்மா.
கொசு மிஷின் சொருகினது நான்தான்."

சர்வர் எழுந்து உட்கார ஆறு நிமிஷம்.
அதன் விசிறி இரைவது
அவர் போன் வழியே கேட்டது.

ஏழு மெயில்.
ஹாம்பர்க் ஒன்றுமில்லை.
ஏழும் என் சொந்த முகவரியிலிருந்து
எனக்கே நான் போட்டுப் பார்த்தவை:
வருதா
வருதா
இப்ப வருதா

"வந்துச்சாம்மா?" என்கிறார் ஏகாம்பரம்
இன்னும் போனை வைக்காமல்,
நடுவில் பட்டென்று
ஒரு கொசுவை அடித்துக்கொண்டு.