பதினான்காவது குறிப்பு

சாஸ்கடூனில் மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே என் கார்
மின்சார வடத்தில் மூக்கைச் செருகிக்கொண்டு தூங்குகிறது.
உள்ளே நான்
அரைப்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
வேதியியலில் பிழை இல்லையாம்.
பிழையெல்லாம் கடைசி இரண்டு பக்கத்தில்.
ஆண்டு தடித்திருக்க வேண்டும்,
தொகுதி எண் சாய்ந்திருக்க வேண்டும்,
இதழின் பெயரை வெட்டிக் குறுக்க வேண்டும்,
வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புள்ளி.
ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும் நடுவே அரைப்புள்ளி.
"மற்றும்" கூடாது.

குடும்பப் பெயர் முதலில்.
எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்?
முதல் கட்டுரையில் பூங்கோதை ஒற்றை எழுத்தானாள்;
"தங்கவேலு, பூ." என்று அச்சானது.
கரூரில் டயர் ரீட்ரெடிங் கடை வைத்திருக்கும் என் அப்பா
அன்றிலிருந்து ருத்தீனியச் சேர்மங்களில் நிபுணர்.
ஜெர்மனிக்காரர் ஒருவர் அவரைப்
பதினோரு முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்.
போனில் சொன்னேன்.
"காசு வருமா?" என்றார்.

அதுகூடப் பரவாயில்லை.
பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில்
ஓர் ஆள் விடுபட்டிருக்கிறார்.
மதிப்பாய்வாளர் கண்ணில் அது படவில்லை.
எனக்குத் தெரியும்.

நான்கு வருடம் முன்பு,
ஏழு வாரமாகப் படிகம் விழாமல்
குடுவையின் அடியில் பழுப்பு எண்ணெய் மட்டும் தேங்கி நிற்க,
கண்ணாடிச் சாமான் பார்க்கும் டாரில் ஹ்ரிட்சாக்
கதவில் சாய்ந்தபடி சொன்னார்:
"பம்ப் அதிர்கிற அறையில் எது உட்காரும்?
மாடிப்படி ஜன்னலில் வை.
மூடியில் ஓர் ஊசித்துளை.
மறந்துவிடு."
ஐந்தாம் நாள்
ஆரஞ்சுச் சில்லுகள்.

மறந்துதான் விட்டேன், அவரை.
"மெதுவான ஆவியாதல் மூலம் படிகங்கள் பெறப்பட்டன"
என்று எழுதினேன்.
பெறப்பட்டன.
செயப்பாட்டு வினைக்கு முகம் கிடையாது.
அவர் அதைப் படித்தார்;
அதற்குப் பிறகு என் விரிசல் குடுவைகள்
எல்லோருடையதும் முடிந்த பின்புதான்
சரிசெய்யப்பட்டன.
அடுத்த ஆட்குறைப்பில் அவரும் போய்விட்டார்.

வாய்ப்பேச்சுக்கும் விதி இருக்கிறது:
பெயர், பணியிடம், ஊர்,
தனிப்பட்ட தகவல், ஆண்டு.
சொன்னவரின் எழுத்துச் சம்மதம் இணைக்க வேண்டும்.
மற்ற விதியெல்லாம் மனப்பாடம்.
இது ஒன்றை மட்டும்
தெரியாத மாதிரியே இருந்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு எழுதினேன். மூன்று வரி.
மன்னிப்பு மூன்றாவதில் இருந்தது,
முதலுக்கு ஏற்றினேன்.

லானிகன் பொட்டாஷ் சுரங்கத்தில் இருக்கிறாராம்.
ஷிப்ட் முடிந்து காலையில் பதில்:
"சம்மதம்.
ஹெச், அடுத்தது ஆர். நடுவில் உயிரெழுத்து தேடாதே.
பணியிடம் பல்கலைக்கழகம் என்றே போடு.
சொன்னபோது அங்கேதான் இருந்தேன்."
அவ்வளவுதான். நலமா என்றுகூட இல்லை.

செருகினேன்.
பின்னாலிருந்த முப்பத்தெட்டு பேரும்
முணுமுணுக்காமல் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார்கள்,
நோபல் வாங்கியவர் ஒருவர் உட்பட.
கட்டுரைக்குள் ஒரு முற்றுப்புள்ளியின் தோளில்
பதினான்கு சின்னதாய் ஏறிக்கொண்டது.

இருபத்தைந்தில் இருந்த அப்பா
இப்போது இருபத்தாறு.
அவரை நான் திருத்தவில்லை.
இருந்துவிட்டுப் போகட்டும்.