சைக்கிளுக்கும் ஒரு ரிக்கற்

எனக்குச் சீசன் இருக்கிறது.
இதற்குச் சீசன் கொடுக்கமாட்டார்களாம்.
ஆகவே கொக்குவில் ஸ்ரேசனில்
ஒவ்வொரு காலை ஆறு பத்துக்கும்
இது ஒரு புதுப் பயணி.
ரிக்கற்றில் ‘பொதி’ என்று எழுதியிருக்கும்.
பெல் அடிக்கிற பொதி.

முன் ரயர் ஏறிவிடும்.
பின் ரயருக்குத்தான் பெட்டிக்குள் ஆட்களைத் தெரியாது.
‘கொஞ்சம் தள்ளுங்கோ’ என்றால்
தள்ளுவதற்கு அவர்களுக்கும் இடமில்லை.
ஹான்டில் யாரோ ஒருவரின் விலாவில்,
பெடல் ஒரு வெள்ளைக் காற்சட்டையில்,
சங்கிலி எண்ணெய்
நேற்றுத்தான் தைத்து வந்த சேலைக்கரையில்.
யாழ்ப்பாணத்தில் இன்னும் நாற்பது பேர் ஏறுவார்கள்.

கச்சேரிக் கணக்காளர் குகதாசன் சொல்லுவார்:
‘பிள்ளை, உதுக்கு இருக்க இடம் வேணுமெண்டால் சொல்லும்,
நான் எழும்புறன்.’
பெட்டி முழுக்கச் சிரிக்கும்.
நானும் சிரிப்பேன், வேறு என்ன செய்ய.
நாவற்குழிப் பாலத்தில் கடற்காற்று உள்ளே வரும்வரை
ஒருவரும் என்னோடு கதைக்கமாட்டினம்.

‘இரண்டு சைக்கிள் வைச்சிரும்,
அங்கை ஒண்டு, இங்கை ஒண்டு.’
வைத்துப் பார்த்தேன் ஐயா.
பளை ஸ்ரேசன் மதிலோரம் ஒரு பழசை விட்டேன்.
முதற்கிழமை பெல் போனது.
மூன்றாம் கிழமை சீற்.
மீற்றர் வாசிக்கிற வேலை எனக்கு;
அன்று அறுபது வீடும்
நின்றபடியே மிதித்தேன்.
நாய்கள்கூட யோசித்துத்தான் குரைத்தன.

கார்த்திகை மழையில் ஒரு நாள்,
எல்லோரும் குடையோடு ஏறியிருந்த நாள்,
பளையில் நான் இறங்கிவிட்டேன்.
ஹான்டில் என் கையில்.
பின் ரயர் உள்ளே
யாருடையதோ பைவாரில் சிக்கிக்கொண்டது.
விசில் ஊதியாயிற்று.
கூடவே ஓடினேன்,
மேடை முடிகிற இடத்தில்
விட்டேன்.

கதவில் நின்ற ஒரு பெடியன் அதைப் பிடித்து
உள்ளே இழுத்தது தெரிந்தது.
பிறகு மழை.

ஸ்ரேசன் மாஸ்டர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி கேட்டார்:
‘நிறம்?’
நாவற்பழ நிறம்.
‘பேர்?’
என்ர பேரோ, அதின்ர பேரோ?
அவர் நிமிர்ந்து பார்த்து
‘ரஞ்சிதமலர்’ என்று
என் அடையாள அட்டையிலிருந்து எழுதிக்கொண்டார்.

கிளிநொச்சியில் இல்லை.
மாங்குளத்தில் ஆரும் காணவில்லை.
வவுனியாவில் கண்டதாக ஒருவர்,
சிவப்பு என்றார், அதனால் நம்பவில்லை.
மூன்று நாள் நடந்தேன்.
படலையில் வைத்தே கேட்டார்கள்,
‘எங்கை உம்மட சைக்கிள்?’
மீற்றர்கள் தம்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தன.

நான்காம் நாள் அநுராதபுரத்திலிருந்து
காட்டின் பெட்டியில் வந்து இறங்கியது.
நான் மதவாச்சி தாண்டியதில்லை;
இது தாண்டியிருக்கிறது.
ஹான்டிலில் கட்டிய அட்டையில்
வட்டம் வட்டமாய்ச் சிங்களம்.
இலக்கங்களை மட்டும் வாசித்தேன், தொழில் அதுதானே:
ஒன்று. பிறகு ஒரு திகதி.
மிச்சத்தை இன்னும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

பம்பைக் காணவில்லை.
இரண்டு ரயரிலும் காற்று நிறைய இருந்தது.
தீபாவளியிலிருந்து தளர்ந்து கிடந்த பின் பிறேக்கை
யாரோ இறுக்கியிருக்கிறார்கள்.
எடுத்தவரும் இறுக்கியவரும் ஒரே ஆளா என்று
மிருசுவில்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்,
அன்று பின்னேரம், வீடு திரும்புகையில்.

மறுநாள் ஆறு பத்து.
முன் ரயர் ஏறியது.
‘ஆள் வந்திட்டாரோ?’ என்றார் குகதாசன்,
பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.
எழும்பவில்லை.
காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.
பின் ரயருக்கு
அவ்வளவு இடம் காணும்.