பழைய நாய்

வேப்பேரியில் எட்டரை மணிக்கே
டோக்கன் வரிசையில் வெயிலும் வந்து உட்கார்ந்துவிடும்.
முன்னால் ஒரு சினையாடு,
பின்னால் கூண்டில் கிளி,
நடுவே மீன்கூடையில்
மூக்கொழுகும் பொடிமாஸ்.

ஒழுகியது இரத்தம்.

தூக்கி வந்தவர் தேசப்பன்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
உள்ளங்கை எப்போதும்
ஊறவைத்த அரிசிபோல் வெளுத்திருக்கும்.

காது நுனியில் ஒரு குத்து,
கண்ணாடித் தகட்டில் ஒரு தேய்ப்பு,
சாயத்தில் முக்கால் மணி நேரம்.
எண்ணெயில் லென்ஸை இறக்கினால்
வெள்ளையணு ஒன்றின் வயிற்றில்
முசுக்கொட்டைப் பழம்.
எர்லிக்கியா.
அட்டையில் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதினேன்.
உண்ணி: உண்பது.
இதைவிடச் சுருக்கமாக
எந்த ஆய்வுக்கட்டுரையும் இதைச் சொன்னதில்லை.

காதுமடலில் பதினேழு பிடுங்கினேன்.
ஆமணக்கு விதைபோல் உப்பிய ஒன்றைச்
சாராயக் குப்பியில் போட்டு
உ-214 என்று ஒட்டினேன்.

இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்ளின்.
தட்டணு ஏறியது. சோறு இறங்கியது.
மூக்கு மட்டும் நிற்கவில்லை.

இரண்டு நாள் அந்தக் குப்பியோடு
பேச்சுவார்த்தை இல்லை எனக்கு.
கையில் கிடைத்த பதிலைக் கட்டிக்கொண்டு
அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டது
உண்ணி அல்ல, நான்தான்.

உப்புநீரைப் பீய்ச்சியதில்
தும்மலோடு விழுந்தது ஒரு சதைத்துணுக்கு.
தகட்டில் ஒற்றினேன்.
வட்ட வட்டமாய் அணுக்கள்,
ஒவ்வொன்றின் ஓரத்திலும் குமிழிகள்,
ரசம் நுரைகட்டும் நேரம்போல.

"புற்று" என்றேன்.
அன்று மாலையே அவர் மனைவி
திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு புற்றுக்கு
முட்டையும் பாலும் வைத்துவிட்டு வந்தாளாம்.
"டாக்டரம்மா சொல்றது வேற புத்துடி."
"இருக்கட்டுமே. ரெண்டுலயும்
உள்ள இன்னா கீதுன்னு தெரியாதில்ல."

ஒட்டுமா, என்றார்.
உங்களுக்கு ஒட்டாது.
இன்னொரு நாய்க்கு ஒட்டும், மோந்தாலே போதும்.
கேட்காததையும் சொன்னேன்:
இது பொடிமாஸின் உடம்பில் பிறந்ததல்ல.
பல ஆயிரம் வருடங்களுக்கு முன்
எங்கோ இறந்த ஒரு நாயின் அணுக்கள்.
எலும்பில்லை, வாலில்லை, குரைப்பில்லை.
சாக மட்டும் மறந்துவிட்ட நாய்.
நாய்விட்டு நாய் ஏறி,
கப்பலும் கண்டமும் மாறி,
இன்று உங்கள் ஐஸ் கம்பெனி வாசலில்.

தேசப்பன் வெகுநேரம்
கூடையின் பிரம்பைத் திருகிக்கொண்டிருந்தார்.
"அத்தினி வயசான நாயி...
அதுக்கு எதுனா பேரு வச்சிருந்தாங்களா?"

வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி.
மூலம் நித்தியகல்யாணி என்று
சன்னலுக்கு வெளியே காட்டினேன்.
சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் ஊதாவாய்ப் பூத்திருந்தது.
"ஐய, சுடுகாட்டு மல்லி!
மூலகொத்தளத்துல சொம்மா கெடக்கும் டாக்டர்.
யாரும் தலைல வைக்க மாட்டாங்க."

முதல் ஊசியில் இரத்தம் குறைந்தது.
இரண்டாவதில் மீசை உதிர்ந்தது.
மூன்றாம் வாரம் புயல் எச்சரிக்கை.
கூடை வரவில்லை.
துடைத்த லென்ஸையே துடைத்துக்கொண்டு
வாசலைப் பார்த்திருந்தேன்.
ஒன்பதாம் நாள் வந்தார்கள்,
இரண்டு பேரும் நனைந்து.

ஐந்தாம் ஊசிக்குப் பிறகு எடுத்த தகட்டை
மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்
தொலைந்த மூக்குத்தி தேடுவதுபோல் தேடினேன்.
ஒன்றுமில்லை.
சந்தோஷம்தான்.
ஆனாலும் முதல் தகட்டை எறியவில்லை.
இழுப்பறையில் இருக்கிறது, குப்பிக்குப் பக்கத்தில்.
லேபிளில் தேதி இருக்கிறது.
பெயருக்கான இடத்தில் பேனா வைத்தேன், எடுத்தேன்.

கூடை இல்லாமல் நடந்து போகிறது பொடிமாஸ்.
வரிசையில் புளியந்தோப்பிலிருந்து ஒரு செவலைநாய்,
மேசைக்காலில் மூக்கைத் தேய்த்தபடி.
இரண்டும் நிற்கின்றன.
வால்கள் ஆடுகின்றன.
"தேசப்பன், கயிறு!" என்று கத்துகிறேன்.