மீன் உறுமியது

இரவு ஷிப்ட் முடிந்த கையோடு,
விரல்களில் இன்னும் கையுறைத் தூள் மணக்க,
பதினொன்றரை மணிக் காட்சிக்குப் போனோம்
நானும் தவமலரும்.
குவின்ஸ்பே மேல்மாடி.
எண்ணிப் பார்த்தேன், ஒன்பது தலைகள்.
மற்றதெல்லாம் குளிர்.

முதல் பாகத்துக்கு நாலு பேராக வந்திருந்தோம்.
அன்றைக்கு மீனை யாருமே பார்க்கவில்லை.
படகுக்கு அடியில் ஒரு நிழல் திரும்பியது.
கொஞ்சம் கழித்து
ஒற்றைச் செருப்பு மிதந்து வந்தது.
அவ்வளவுதான்.
சியூ பெங் பிடித்த பிடியில்
என் முழங்கையில் நாலு நகக்குறி.
ரோஹாயு 'யா அல்லா' என்று துள்ளியதில்
முன்வரிசைக்காரர் தலைக்குச் சோளப்பொரி அபிஷேகம்.
கடைசியில் சேற்றுக்குள் ஒரு முட்டை,
சின்னதாக, ஒரே ஒரு தரம், துடித்தது.
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அந்த முட்டையை நாங்கள்தான் அடைகாத்தோம்.
மூன்று வருடம்,
விடிகாலை மூன்று மணி இடைவேளைகளில்,
கேன்டீன் மேசையில்
ஆறிப்போன மீஹூனுக்கும் தே ஓவுக்கும் நடுவில்.
ரோஹாயு சொன்னாள்: அது நல்ல மீனாகத்தான் பிறக்கும்,
அம்மா தின்றவர்களை நினைத்து அழும்.
சியூ பெங்: பிறக்கவே பிறக்காது.
படம் முழுக்க எல்லாரும்
முட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
தவமலருக்கு, செத்த கதாநாயகன்
மீன் வயிற்றுக்குள்ளிருந்து பேச வேண்டும்.
நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.
மணி அடிக்கும்.
பாதி வசனத்தில் எழுந்து போவோம்,
மறுநாள் அதே சொல்லில் உட்காருவோம்.

பிறகு எட்டாவது லைனை மூடினார்கள்.
ரோஹாயு இப்போது ரெலாவில் நாசி லெமாக் கட்டுகிறாள்.
சியூ பெங் சிங்கப்பூரில்.
சீனப் புத்தாண்டுக்கு ஓர் ஆரஞ்சுப் பழப் படம் அனுப்புவாள்.

இன்றைக்கு
முதல் நிமிடத்திலேயே மீன்.
முழு மீன், பட்டப்பகலில்.
தோலில் ரப்பர் மடிப்பு தெரிய,
கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும்
பெண்வீட்டுச் சித்தப்பா மாதிரி
அத்தனை பல்லையும் காட்டிக்கொண்டு.
செத்துப்போனவனுக்கு இரட்டைப் பிறவி அண்ணனாம்.
அதே முகம், கூடுதலாக ஒரு மீசை.
மீன் சாக்கடை வழியாக வருகிறது.
அடுக்குமாடி லிப்டில் ஏறுகிறது.
பதினாலாம் மாடிக்கான பொத்தானை
எதால் அழுத்தியது என்று கடைசிவரை சொல்லவில்லை.
அடியில் ஓடிய மலாய் வரிகளுக்கு அவசரம்,
அவள் வாயைத் திறக்குமுன்பே
அலறலை எழுதிக் காட்டிவிட்டன.
அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன்,
உறுமியது.
மீன்.
புலி மாதிரி.

பிடித்துக்கொள்ள முழங்கை தேடினேன்,
பயத்தில் இல்லை, சிரிப்பு தாங்காமல்.
தவமலர் தூங்கிப் போயிருந்தாள்.
மீனின் உறுமலும் இவள் குறட்டையும்
ஒரே சுருதி.
எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.
பத்து ரிங்கிட் போனால் போகட்டும்.
அந்த மேசையை எங்கே போய்க் கேட்பது?

வெளியே கடல்.
ஜெரெஜாக் தீவுக்கும் எங்களுக்கும் நடுவே
பால் கூடிய தேநீர் நிறத்தில் தண்ணீர்,
நண்பகல் வெயிலில் எதையும் காட்டாமல்.
பஸ் நிறுத்தத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்,
"முட்டை பொரிஞ்சிச்சா?"

அப்போதுதான் உறைத்தது.
இரண்டு மணி நேரத்தில்
முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
எடுத்தவர்களுக்கே மறந்து போயிருக்கிறது.

"இல்லை," என்றேன்.
"அப்படியே கிடக்கு. சேத்துல."

அவள் பஸ் வந்தது.
ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்,
அட்டையைத் தேடிக்கொண்டே திரும்பினாள்:
"அப்படீன்னா அவன் வயித்துக்குள்ளேர்ந்து பேசுறப்ப,
வெளிய இருக்கிறவளுக்கு அது"

கதவு மூடிக்கொண்டது.